ஏழாம் அத்தியாயம்: புதுமொழிப் பள்ளியில் முதல் வருடம்

ஆத்தங்குடிக்குக் கடல் தாண்டிய பிழைப்பு புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் மேலாள், அடுத்தாள் என்ற வரிசையின் கடைசியில் ஒரு சிறுவன் இருப்பான். பெட்டியடிப் பையன். சின்ன வயதிலேயே கப்பலேறி, மூன்று வருடக் கணக்கு முடிந்த பிறகே ஊர்ப்பக்கம் வருவான். வரும்போது பர்மிய மொழியோ மலாயோ அவன் நாக்கில் புரளும். அந்தக் கதையைச் சொல்லி, "அவங்கள்லாம் கத்துக்கலையா, நம்ம பிள்ளைக்கு என்ன?" என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் தைரியம் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பையன் சாப்பிட்டதும் படுத்ததும் திட்டு வாங்கியதும் தமிழ் பேசும் கிட்டங்கிக்குள். புதுமொழி அவனுக்கு வாசலில் வந்துபோகும் வாடிக்கைக்காரரின் மொழி மட்டுமே. இன்று அப்பா அம்மாவோடு விமானம் ஏறும் ஆறு வயதுப் பிள்ளையின் நிலைமை தலைகீழ். ஒரு தமிழ்ச்சொல்கூடக் காதில் விழாத அறையில் தினமும் ஐந்தாறு மணி நேரம் அவள் தனியாக இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் முதல் சில மாதங்களுக்கு அது பெரிய பாரம்.

5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் உள்ள இந்தியப் பள்ளிகளில் சேர்ப்பார்கள்; அவர்களுக்கு இதில் பாதிதான் தேவைப்படும். ஜெர்மனி, ஸ்வீடன், பிரான்ஸ், ஜப்பான் போகிறவர்களுக்கு முழுவதும் தேவைப்படும். இங்கிலாந்து, சிங்கப்பூர் போகிறவர்கள், "காரைக்குடியில இங்கிலீஷ் மீடியம்தானே படிச்சான்" என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். ரைம்ஸ் ஒப்பிப்பது வேறு. வேகமாக, வேறு உச்சரிப்பில், முப்பது பிள்ளைகளைப் பார்த்துப் பேசும் ஆசிரியரைப் பின்தொடர்வது வேறு.

கிளம்புவதற்கு முன்

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். நமக்குப் பள்ளி ஜூனில் திறக்கிறது. சிங்கப்பூரில் ஜனவரி, ஜப்பானில் ஏப்ரல், இங்கிலாந்தில் செப்டம்பர், ஆஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசி. வயதுக் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 4 வயது முடிந்து வரும் செப்டம்பரிலேயே பிள்ளைகள் ரிசப்ஷன் வகுப்புக்குப் போகிறார்கள். பிரான்சில் 2019 முதல் 3 வயதிலிருந்தே கல்வி கட்டாயம். ஸ்வீடனில் 6 வயதில் ஓர் ஆயத்த வகுப்பு, 7 வயதில்தான் முதல் வகுப்பு. அதனால் இங்கே இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை அங்கே முதல் வகுப்பில் உட்கார வைத்தால் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒத்த வயதுப் பிள்ளைகளோடு இருப்பதுதான் முக்கியம். இரண்டு வயது சின்னவர்களோடு போட்டால் மட்டும் காரணம் கேளுங்கள்; மொழி தெரியாததுதான் காரணம் என்றால் பணிவாக மறுத்துப் பேசுங்கள்.

விசாவும் வேலையும் இடம் கொடுத்தால், பள்ளி திறக்க இரண்டு மூன்று வாரம் முன்பே போய்ச் சேருங்கள். பூட்டியிருக்கும் பள்ளியைக்கூடச் சுற்றிக் காட்டலாம். போகும் வழி, சாலை கடக்கும் இடம், மணி அடித்ததும் அம்மா நிற்கப்போகும் மரம் எல்லாம் கண்ணில் பதியட்டும்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ், டி.சி., மதிப்பெண் அட்டை, தடுப்பூசி அட்டை இந்த நான்கும் போதும். அப்போஸ்டில் முத்திரை கேட்கும் நாடாக இருந்தால், மாநில அளவில் சான்றொப்பம் வாங்கி வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தியா 2005லிருந்து அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. தடுப்பூசி அட்டையில் கையெழுத்து மங்கியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே புதிதாக எழுதி வாங்கிவிடுங்கள். அங்கே போனபின் முடியாது. ஒரு முறை காதுப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். காது சரியாகக் கேட்கிறது என்ற உறுதி உங்களிடம் இருந்தால், பிற்பாடு எழக்கூடிய பல சந்தேகங்கள் முதலிலேயே தீர்ந்துவிடும்.

காகிதங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பெயர். நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் மீனாட்சி சொக்கலிங்கம் என்றிருக்கும் பிள்ளையை வீட்டில் எல்லாரும் மீனாள் என்றோ பாப்பா என்றோதான் கூப்பிட்டிருப்பார்கள். அங்கே வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியர் "சொக்கலிங்கம்" என்பார், அதுவும் நமக்கே புரியாத உச்சரிப்பில். அப்பாவைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளை பேசாமல் இருக்கும். அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று ஆசிரியர் நினைக்கக்கூடும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஆமா, நான்தான்" என்று கையைத் தூக்கப் பழக்குங்கள். எப்படிக் கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்கும் என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிக் கொடுங்கள். அழைக்கும் பெயர் என்று தனிக் கட்டமே பல படிவங்களில் இருக்கும்.

மொழி கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டு எழுத்துகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். உடம்புக்கும் மானத்துக்கும் தேவையான பத்து வாக்கியங்கள் போதும். என் பெயர் இது. கழிப்பறைக்குப் போக வேண்டும். தண்ணீர் வேண்டும். இங்கே வலிக்கிறது. எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள். இதை நான் சாப்பிட மாட்டேன். நிறுத்து, எனக்குப் பிடிக்கவில்லை. நானும் விளையாட வரலாமா? அம்மாவைக் கூப்பிடுங்கள். அந்த மொழியையே தாய்மொழியாகப் பேசுகிற ஒருவரைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தினமும் விளையாட்டாக நடித்துப் பாருங்கள்: ஒருநாள் அப்பா ஆசிரியர், ஒருநாள் பிள்ளை ஆசிரியர். பத்தில் இரண்டைத்தான் கற்றுக்கொள்ளும் என்றால், "நானும் விளையாட வரலாமா?", "நிறுத்து" இந்த இரண்டும் இருக்கட்டும். முதலாவது கூட்டாளியைச் சேர்த்துக்கொடுக்கும். இரண்டாவது அவளைக் காப்பாற்றும்.

சொல்ல வெட்கப்பட்டு நாம் விட்டுவிடுகிற பாடமும் ஒன்று உண்டு. தண்ணீர் வைத்துக் கழுவிப் பழகிய பிள்ளைக்குக் காகிதம் மட்டும் இருக்கும் கழிப்பறை ஒரு பயம். அதை நினைத்துக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. ஊரிலேயே சொல்லிக்கொடுங்கள், ஈரத்துணி போன்ற வைப்ஸ் ஒரு பாக்கெட் பையில் இருக்கட்டும். ஜாக்கெட் ஜிப், ஷூ லேஸ், கையுறை இதையெல்லாம் தானே போட்டுக்கொள்ளத் தெரிய வேண்டும். நம் ஊர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு ஜிப் மாட்டுவதே ஒரு வித்தை. இடைவேளைக்கு எல்லாரும் ஓடிய பிறகு, ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு தனியாக நிற்பது மனதை ஒடித்துவிடும்.

குன்றக்குடியில் மொட்டை, காதுகுத்து என்று வேண்டுதல் பாக்கி இருந்தால் பயணத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். மொழியில்லாமல் நிற்கும் பிள்ளையிடம் எல்லாரும் தலையைக் காட்டிக் காட்டிக் கேட்டால், அதற்கும் சேர்த்து அவளால் பதில் சொல்ல முடியாது.

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதம்

ஜெர்மனியில் பள்ளிக் கல்வி மாநிலங்கள் கையில். புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பெர்லினில் வரவேற்பு வகுப்பு, பாடன் வூர்ட்டம்பெர்க்கில் ஆயத்த வகுப்பு என்று தனி வகுப்புகள் உண்டு. சில பள்ளிகளில் நேரே வழக்கமான வகுப்பில் உட்கார வைத்து, நாளில் சில மணி நேரம் மட்டும் தனியே அழைத்துப் போய் மொழி சொல்லித்தருவார்கள். முதல் வகுப்பில் சேரும் நாள் அங்கே திருவிழா மாதிரி. பிள்ளை உயரத்துக்குப் பாதி இருக்கும் அட்டைக் கூம்பில் மிட்டாயும் பென்சிலும் நிரப்பிக் கொடுத்து அனுப்புவார்கள். தெரியாமல் போய் உங்கள் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. கடையில் கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

ஸ்வீடனில் வீட்டுமொழி வேறாக இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த மொழியைப் பள்ளியிலேயே கற்பிக்கும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. ஒரே நகராட்சியில் குறைந்தது 5 பிள்ளைகள் கேட்க வேண்டும், தகுந்த ஆசிரியரும் கிடைக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டுத் தமிழரையும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பாடங்களைத் தாய்மொழியில் விளக்க ஒரு துணை ஆசிரியரையும் கேட்டுப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. 1966 முதல் நடப்பில் உள்ள இருமொழிக் கொள்கையால் ஆங்கிலத்தோடு தாய்மொழியும் பள்ளிப் பாடம். நம் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு மணி நேரமாவது காது குளிரும். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் நிச்சயமில்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கொடுத்த பிறகே முதல் வகுப்பு இடம் தருவார்கள். இரண்டு முதல் ஐந்தாம் வகுப்பு வரை சேர, ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஏ.இ.ஐ.எஸ். என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வேலை கிடைத்துவிட்டது என்று குடும்பத்தோடு போய் இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது தாமதம்.

ஜப்பானில் வகுப்பைப் பிள்ளைகளே பெருக்கித் துடைப்பார்கள்; உள்ளே போடத் தனிச் செருப்பு; மதியம் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. சைவப் பிள்ளையாக இருந்தால் வீட்டிலிருந்து கொடுத்துவிட அனுமதி வேண்டும் என்று சேர்க்கும் நாளிலேயே பேசிவிடுங்கள்.

பேசாத மாதங்கள்

பெற்றோர் மிகவும் பதறும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

புதுமொழி வகுப்பில் பிள்ளை முதலில் தமிழிலேயே பேசிப் பார்க்கும். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிடும். சில பிள்ளைகள் சில வாரம், சில பிள்ளைகள் பல மாதம் வகுப்பில் வாயே திறக்க மாட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் பேட்டன் டேபர்ஸ் சிறு பிள்ளைகளைக் கவனித்து 1997இல் வெளியிட்ட நூலில் இந்தப் படிகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: வீட்டுமொழியில் பேசிப் பார்ப்பது, பிறகு மௌனமும் சைகையும், பிறகு ஒற்றைச் சொல்லும் மனப்பாடத் தொடர்களும், கடைசியில் சொந்த வாக்கியங்கள். மௌனமாக இருக்கும் பிள்ளை சும்மா இருப்பதில்லை. பார்க்கிறது, சேர்த்து வைக்கிறது, உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறது. வீட்டில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து அந்த மொழியில் அதட்டுவதைக் கதவோரமாக நின்று கேளுங்கள். பொம்மையைத் திட்ட வரும் சொற்கள்தான் பெரும்பாலும் அவள் முதலில் கற்றவை. உள்ளே போய் மெச்சிக்கொள்ள வேண்டாம், கண்டதும் நிறுத்திவிடுவாள்.

இந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன வார்த்தை கத்துக்கிட்ட? சொல்லு பார்ப்போம்" என்று கேட்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். நாள் முழுக்கத் தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளையை வாசலிலேயே மறுபடி தேர்வுக்கு உட்கார வைப்பதுதான் அது. முதலில் தின்னக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அகோரப் பசி வரும், காரணமில்லாமல் கோபம் வரும், ஐந்து மணிக்கே தூங்கிவிழும். புரியாத மொழியைக் கூர்ந்து கேட்பது அவ்வளவு களைப்பு. சாப்பிட்டு முடித்த பிறகு பதில் எளிதாக வரும் கேள்வியாகக் கேளுங்கள். "பக்கத்துல யாரு உக்காந்தா ஆத்தா? சிவப்புச் சட்டைப் பிள்ளையா, நேத்து வந்த பிள்ளையா?" "இன்னைக்கு யாராச்சும் அழுதாங்களா?" அடுத்தவர் அழுததைச் சொல்ல ஆரம்பித்தால், தான் அழுததையும் சொல்லிவிடுவாள்.

பையன்களிடம் இன்னொன்று பார்க்கலாம். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்வார்கள். தள்ளுகிறான், பிடுங்குகிறான் என்று பள்ளியிலிருந்து புகார் வரும். ஊரில் சாதுவாக இருந்தவன் என்று நீங்கள் குழம்புவீர்கள். அடிப்பது தவறு என்று சொல்வதோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் கையில் கொடுங்கள்: "அது என் முறை", "எனக்கும் கொடு."

எப்போது கவலைப்பட வேண்டும்? வகுப்பில் பேசாமல் இருப்பதற்காக அல்ல. வீட்டில் தமிழிலும் பேச்சு குறைந்தால், தமிழில் சொன்னதே புரியாமல் விழித்தால், வகுப்பில் ஆறேழு மாதம் ஆகியும் சைகைகூடக் காட்டவில்லை என்றால், நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வந்தால், ஒவ்வொரு திங்கட்கிழமையும் வயிற்றுவலி என்றால், சட்டையில் கிழிசல், உடம்பில் காயம் என்று காரணம் தெரியாமல் வந்தால் உடனே ஆசிரியரையும் மருத்துவரையும் பாருங்கள். பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று பள்ளி சொன்னால், "தமிழிலும் சோதித்தீர்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தெரியாத மொழியில் வைத்த சோதனை அவளுக்கு அந்த மொழி தெரியாது என்பதை மட்டுமே காட்டும்.

வீட்டில் தமிழ்

"வீட்டிலும் இங்குள்ள மொழியிலேயே பேசுங்கள், சீக்கிரம் பழகிவிடுவாள்" என்று யாராவது சொல்வார்கள். சில நேரம் ஆசிரியரே சொல்வார். இந்த ஒரு ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

டொரண்டோவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். விளையாடுமிடத்தில் பேசும் மொழி ஏறக்குறைய 2 வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தகத்தை வாசித்து, காரணம் சொல்லி, கட்டுரை எழுதும் மொழி சக பிள்ளைகளுக்குச் சமமாக வர 5 முதல் 7 வருடம் ஆகும். வீட்டுமொழியில் வளர்ந்த சிந்தனை இரண்டாம் மொழிக்கும் போய்ச் சேரும் என்பது அவர் வலியுறுத்திய இன்னொரு கருத்து. நமக்கு இது நேரடியாகப் பயன்படும். முக்கால் என்றால் என்னவென்று தமிழில் தோசையை வெட்டிப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு ஜெர்மனில் அதற்குரிய சொல்லை மட்டும் கற்றால் போதும். விஷயமும் தெரியாமல் சொல்லும் தெரியாமல் இருந்தால்தான் இரட்டைச் சுமை. நாளை வகுப்பில் நீர் ஆவியாவது பற்றிப் பாடம் என்று தெரிந்தால், இன்றிரவே உலைமூடியைத் தூக்கிக் காட்டித் தமிழில் பேசிவிடுங்கள். இன்னொன்று: நாமே தட்டுத்தடுமாறும் மொழியில் பிள்ளையோடு பேசினால், "சாப்பிடு, தூங்கு, வா, போ" என்று நம் பேச்சு சுருங்கிவிடும். கதை, கோபம், கேலி, கொஞ்சல் எதுவும் அதில் வராது.

கணக்கில் சின்னச் சின்ன இடறல்கள் உண்டு. ஜெர்மனில் 21ஐ "ஒன்றும் இருபதும்" என்ற வரிசையில் சொல்வார்கள். காதால் கேட்டு எழுதும் பிள்ளை 12 என்று எழுதிவிடும். புள்ளி வரும் இடத்தில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். அவர்கள் எழுதும் 1 நம் 7 மாதிரி இருக்கும். நாம் எழுதும் 7ஐ 1 என்று திருத்திவிடுவார்கள். கணக்கில் கெட்டியான பிள்ளைக்கு இதனால் மதிப்பெண் குறைந்தால், தாளை எடுத்துப் பார்த்து எங்கே இடறினாள் என்று கண்டுபிடியுங்கள். கணக்குதான் அவள் மொழியில்லாமல் ஜெயிக்கக்கூடிய ஒரே பாடம். அந்தப் பெருமை அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

ஊரிலிருக்கும் அப்பத்தாவும் ஆயாவும் இதில் பெரிய துணை. வீடியோ கால் போட்டு, "சாப்டியா? ஸ்கூல் போனியா? சரி, அம்மாகிட்ட குடு" என்று முடிந்தால் பயனில்லை. ஒரு வேலையோடு கூப்பிடச் சொல்லுங்கள். அப்பத்தா முறுக்கு மாவு பிசைவதைக் காட்டி, அடுத்து என்ன போட வேண்டும் என்று கேட்கட்டும். ஐயா ஊருணியில் எத்தனை படி வரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்று காட்டி எண்ணச் சொல்லட்டும். ஜெர்மனியில் மாலை 4 மணி என்றால் ஆத்தங்குடியில் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. பிள்ளை பள்ளி விட்டு வந்து தின்றுகொண்டிருக்கும் நேரமும் பெரியவர்கள் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் ஒத்துப்போவது நல்லதாயிற்று.

பேச்சு இருந்தாலும் எழுத்து தானாக வராது. தமிழ்நாடு அரசின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் புத்தகங்களைப் பெட்டியில் வையுங்கள். கனம் அதிகமென்றால் இணையத்திலும் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் உண்டு. பல ஐரோப்பிய நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் வார இறுதிப் பள்ளிகள் இருக்கின்றன. நார்வேயில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் அப்படியொன்று. பேச்சு வழக்கு வேறாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு, தன்னைப் போலவே வாரம் முழுக்க வேறு மொழியில் தவித்த இன்னும் பத்துப் பிள்ளைகளைத் தமிழில் சந்திப்பது எழுத்துப் பாடத்தைவிடப் பெரிய ஆறுதல்.

அண்ணன் தங்கை இருந்தால், ஒரு வருடத்தில் அவர்களுக்குள் புதுமொழியில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தமிழுக்கு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிக் கல் ஒன்று

பல நாடுகளில் சின்ன வகுப்புகளில் பிள்ளை ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டிப் பேச வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு. ஆத்தங்குடிப் பிள்ளைக்கு இதில் கொடுப்பினை இருக்கிறது. பயணப் பெட்டியில் நம் ஊர்ப் பூப்போட்ட தரைக்கல் ஒன்றே ஒன்று வையுங்கள். துணியில் நன்றாகச் சுற்றி நடுவில் வைத்தால் உடையாது. கனம் இருக்கும், அந்த அளவுக்கு வேறு எதையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு காலைப் பொழுது பட்டறைக்குக் கூட்டிப் போய் முழு வேலையையும் பார்க்க வையுங்கள். சட்டத்துக்குள் கண்ணாடியை வைப்பது, அதன்மேல் பூ அச்சை இறக்குவது, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றுவது, அச்சை ஆடாமல் தூக்குவது, மேலே உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவுவது, பிறகு கலவையைப் போட்டுக் கரணையால் மட்டம் தட்டுவது, காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடுவது, கடைசியில் கண்ணாடியைப் பிரித்ததும் பளபளவென்று பூ தெரிவது. போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஊற்று, தூக்கு, தூவு, தட்டு, காயவை என்று எல்லாமே கையால் செய்து காட்டக்கூடிய வினைச்சொற்கள். சைகை மட்டுமே தெரிந்த பிள்ளைகூடப் படத்தை வரிசையாக வைத்து முழுக் கதையையும் சொல்லிவிடலாம். நான்கு மாதம் கழித்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சொல். எட்டு மாதம் கழித்து ஒரு வாக்கியம். ஒரே பேச்சு பிள்ளையோடு சேர்ந்து வளரும். அதோடு, மொழி தெரியாதவள் என்று மட்டும் அவளைப் பார்த்த வகுப்பு, தங்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும் என்று முதல் தடவையாகப் பார்க்கும். ஆசிரியரிடம் முன்கூட்டியே படத்தைக் காட்டிப் பேசி வையுங்கள். வகுப்பிலேயே காகிதத்தில் பூ அச்சு வெட்டி எல்லாரையும் வண்ணம் தீட்ட வைக்க அவருக்கே தோன்றலாம்.

கூட்டாளியும் தின்பண்டமும்

வகுப்பில் 25 பிள்ளைகளோடும் பழக வேண்டியதில்லை. ஒரு கூட்டாளி போதும். பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு ஓடாமல் பக்கத்துப் பூங்காவில் அரை மணி நேரம் உட்காருங்கள். ஊஞ்சலுக்கும் பந்துக்கும் மொழி வேண்டாம். பிறகு ஒரு பிள்ளையை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் அம்மாவிடம் என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் மேல்நாட்டுப் பள்ளிகள் மிகவும் கண்டிப்பு. நிலக்கடலை பல பள்ளிகளுக்குள் நுழையவே கூடாது. ஊரிலிருந்து வந்த கடலை உருண்டையைப் பாசத்தோடு டப்பாவில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். பிள்ளைதான் எல்லார் முன்னிலும் சங்கடப்படும். மதிய டப்பாவில் முதல் மாதம் கையில் எடுத்து ஐந்து நிமிடத்தில் சாப்பிடக்கூடிய சின்ன இட்லி, சப்பாத்திச் சுருள் போதும். குழம்புச் சாதம் வீட்டுக்கு இருக்கட்டும்.

பிறந்தநாள் அழைப்பு வந்தால் எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் போய்விடுங்கள். வருகிறோமா இல்லையா என்று பதில் சொல்வது அங்கே மரியாதை; பேசாமல் இருந்தால் அடுத்த அழைப்பு வராது.

ஆசிரியரோடு

நம் ஊரில் புகார் இருந்தால்தான் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். அங்கே பெற்றோர் வராவிட்டால்தான் அக்கறையில்லை என்று நினைப்பார்கள். முதல் வாரத்தில் ஒரு பக்கக் காகிதம் எழுதி, மொழிபெயர்த்துக் கொடுங்கள். பிள்ளை எதில் கெட்டி, எதற்குப் பயப்படும், கழிப்பறைக்கு எப்படிக் கேட்கும், என்ன சாப்பிடாது, தமிழில் வாசிக்கத் தெரியுமா, இவ்வளவுதான். நம் பிள்ளைகளின் சில பழக்கங்களையும் எழுதுங்கள். பெரியவர் பேசும்போது கண்ணைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை. அங்கே கவனிக்கவில்லை என்று படும். தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது நமக்குச் "சரி". அவர்களுக்கு "இல்லை" மாதிரித் தெரியும்.

பெற்றோர் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். ஈழத்தமிழர் அதிகமுள்ள நார்வே, சுவிட்சர்லாந்து, கனடா போன்ற நாடுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கடினமல்ல. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். தம்பியைப் பற்றி ஆசிரியர் சொல்லும் குறையை அம்மாவுக்குச் சொல்லும் பொறுப்பு ஒன்பது வயது அக்காவுக்கு வேண்டாம்.

ஊர் திரும்பினால்

இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் போகிறவர்கள் திரும்பும் நாளையும் இப்போதே யோசிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். பேச மட்டும் தெரிந்து எழுதத் தெரியாமல் நான்காம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு, காரைக்குடியே அயலூர் ஆகிவிடும். அங்கே பட்ட மௌனத்தையெல்லாம் இங்கே மறுபடி படும். திரும்புவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தாவது தினமும் கால் மணி நேரம் தமிழ் எழுத வையுங்கள். அப்பத்தாவுக்குக் கடிதமாக இருந்தால் நல்லது; பதில் வரும்.

சேர்க்கைக்குப் போகும்போது அங்கே கொடுத்த மதிப்பெண் அறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பு, விலகல் சான்று, பிள்ளை எழுதிய தமிழ் நோட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். நோட்டைப் பார்த்தால், எந்த எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தமிழ் ஆசிரியருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.